தோட்டத்தில் ரயில் விட: கால் நட்டு மேலே தண்டவாளம் போடுவது எப்படி

உங்கள் வீடு லண்டனில் ஹாரோ பக்கம், பின்பக்கத் தோட்டம் 14 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், நல்ல களிமண், கடைசி வேலியிலிருந்து வீட்டை நோக்கி 60 செ.மீ. இறக்கம். தண்டவாளங்களுக்கு நடுவே 32 மி.மீ. உள்ள பாதையில் ஓடும் நிஜ நீராவிப் பொம்மை எஞ்சின் ஒன்று, கேஸில் எரிவது, ஏற்கெனவே வாங்கியாயிற்று. இனி தண்டவாளத்தைத் தரையில் போடுவதா, கால் நட்டு மேலே போடுவதா, மேலே என்றால் என்ன மரம், எவ்வளவு ஆழம் என்று கேட்டிருக்கிறீர்கள். பூச்செடிப் பாத்திகளில் கை வைக்கக்கூடாது என்று மனைவி சொல்லிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதைச் சிரித்துவிட்டு ஒதுக்காதீர்கள், கணக்கில் அதற்கும் இடம் உண்டு.

மேலேயே போடுங்கள். மில்டன் கீன்ஸ் பக்கம் இதே மாதிரிக் களிமண்ணில் 11 வருடமாக ரயில் விட்டுக்கொண்டிருக்கிறேன், முதல் 2 வருடம் தரையிலும் அப்புறம் 70 செ.மீ. உயரத்திலும். உங்கள் தோட்டத்தில் தரையோடு தரையாகப் போட்டால் ஏற்றம் 23 மீட்டருக்கு 1 மீட்டர் என்று வரும். ரேடியோ கண்ட்ரோல் இல்லாமல் கையால் ரெகுலேட்டரை, அதாவது நீராவி வால்வை, திறந்துவிட்டு ஓடவிடுகிற எஞ்சின் அதில் ஏறும்போது மூச்சு வாங்கி நிற்கும், இறங்கும்போது பறக்கும், வளைவில் கவிழும். ரேடியோ இருந்தாலும் 50-க்கு 1 வரைதான் நிம்மதியாக ஓட்டலாம். கால் நட்டுவிட்டால் மேல்மட்டத்தை முழுக்கச் சமமாக வைக்கலாம், அப்போது இதுவரை தொல்லையாகத் தெரிந்த சரிவே உதவிக்கு வரும். கடைசி வேலி ஓரத்தில் 30 செ.மீ. உயரம், வீட்டுப் பக்கம் 90 செ.மீ. உயரம். தண்ணீர் ஊற்றுவது, நீராவி எண்ணெய் விடுவது, கேஸ் நிரப்புவது, பர்னரைப் பற்றவைத்து அழுத்தம் ஏறும்வரை காத்திருப்பது எல்லாம் வீட்டுப் பக்கம், நின்றுகொண்டே, சமையலறைக் கதவிலிருந்து டீ வரும் தூரத்தில். தரையில் ரயில் வைத்திருந்த 2 வருடமும் இதையெல்லாம் ஈரப் புல்லில் மண்டி போட்டுக்கொண்டு செய்தவன் நான்.

பூச்செடி விஷயம்: தரையில் போடுவதென்றால் சுற்று முழுவதும் பள்ளம் வெட்டி ஜல்லி கொட்ட வேண்டும். கால் என்றால் ஒரு ஜாண் அகலத்துக்கு இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குழி, அவ்வளவுதான், செடிகள் பாதைக்குக் கீழேயே வளர்ந்து ஒரு கோடைக்குள் கால்களை மறைத்துவிடும். வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

நடுவில் ஒன்று, 32 மி.மீ.யா 45 மி.மீ.யா என்று யாராவது உங்களைக் குழப்புவார்கள். 32 மி.மீ. என்பது 1:19 அளவில் 2 அடிப் பாதை, அதாவது டார்ஜிலிங் கணக்கு. 45 மி.மீ. என்பது, 1968-இல் ஜெர்மனியில் எல்ஜிபி என்ற தோட்ட ரயில் பிராண்டு ஆரம்பித்துவைத்த 1:22.5 அளவில், மீட்டர் கேஜ், ஊட்டி ரயில் கணக்கு. அதே 45 மி.மீ. தண்டவாளத்தை வேறு பல அளவுகளுக்கும் பயன்படுத்துகிறார்கள் என்பது தனிக்கதை. கால் நடும் வேலைக்கு இரண்டும் ஒன்றுதான். எஞ்சின் வாங்கிவிட்டீர்கள், அதோடு போங்கள்.

சரி, கால்கள். எத்தனை ஆழம் என்று கேட்கிறீர்கள். கூடவே, எத்தனை ஆழம் போனாலும் மண் நகர்ந்தால் என்ன செய்வது என்றும் கேட்டாக வேண்டும், ஏனென்றால் களிமண் நகரும். இங்கே வீட்டு அஸ்திவாரத்துக்கே உறைபனிக்காகக் குறைந்தது 45 செ.மீ., களிமண் என்றால் 75 செ.மீ.யும் அதற்கு மேலும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் மரம் இருந்தால் இன்னும் கீழே போகச் சொல்கிறார்கள். 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் கானிங்ஸ்பியில் 40.3 டிகிரி அடித்ததே, அந்தக் கோடையில் என் தோட்டத்து மண் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்தது. பிர்ச் மரத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு கால் 14 மி.மீ. இறங்கிவிட்டது, குளிர்காலத்தில் மழை பெய்ததும் 9 மி.மீ. திரும்ப ஏறியது. 50 செ.மீ. ஆழம், கான்கிரீட், எல்லாம் இருந்தும் இப்படி. பொம்மை ரயிலுக்காக 30 இடத்தில் 75 செ.மீ. தோண்ட எனக்குப் பொறுமை இல்லை, உங்களுக்கும் இருக்காது. அதனால் காலை அசையாமல் நிறுத்தப் பார்ப்பதை விட்டுவிட்டு, கால் அசைந்தாலும் மேலே இருக்கிற பலகையை ஒரு ஸ்பேனரை வைத்து மறுபடி மட்டத்துக்குக் கொண்டுவர முடிகிற மாதிரி தலைப்பகுதியைச் செய்யுங்கள். இந்த விஷயத்தில் நான் கற்றுக்கொண்டது மொத்தமும் இதுதான், மற்றதெல்லாம் கடையில் கேட்டாலே சொல்வார்கள்.

எப்படி என்றால், ஒவ்வொரு காலின் உச்சியிலும் குறுக்காக ஒரு சின்னக் கட்டையை போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள். அதில் 15 செ.மீ. இடைவெளியில் இரண்டு துளை போட்டு, துளைக்கு ஒன்றாக இரண்டு 8 மி.மீ. துருப்பிடிக்காத திரெட் ராடு (நீளம் முழுக்க மரை வெட்டிய கம்பி) துண்டுகளை நிறுத்துங்கள். அந்த ராடுகளின் மேல் இன்னொரு குறுக்குக் கட்டை உட்கார வேண்டும், அடியில் ஒரு நட்டும் வாஷரும், மேலே ஒரு நட்டும் வாஷரும். ராடு மேலே துருத்திக்கொண்டு நிற்காதபடி அறுத்துவிடுங்கள், எஞ்சினின் படிக்கட்டு அதில் இடிக்கும். பாதை இந்த மேல்கட்டைமேல்தான் போகும். 8 மி.மீ. ராடில் நட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் 1.25 மி.மீ. ஏறும், அரைச் சுற்றுக்கு அரை மி.மீ.க்குக் கொஞ்சம் கூட. இரண்டு ராடு இருப்பதால் உயரம் மட்டுமில்லாமல் குறுக்குச் சாய்வையும் தனியாகச் சரிசெய்யலாம். அது சின்ன விஷயமில்லை, 32 மி.மீ. அகலத்தில் ஒரு பக்கம் 1 மி.மீ. தாழ்ந்தாலே கிட்டத்தட்ட 2 டிகிரி சாய்வு. சாய்வைக்கூட எஞ்சின் பொறுத்துக்கொள்ளும், முறுக்கலைப் பொறுக்காது. ஒரு கால் இடப்பக்கம் சாய்ந்து அடுத்த கால் வலப்பக்கம் சாய்ந்திருந்தால் நடுவில் ஒரு சக்கரம் தண்டவாளத்தைவிட்டு எழும்பும், அப்புறம் எங்கே இறங்கும் என்று சொல்ல முடியாது. பிர்ச் மரத்துக்குப் பக்கத்துக் காலை அந்த வருடம் சரிசெய்ய எனக்கு எடுத்த நேரம் 10 நிமிடம். அதற்கு முன்பு, பலகையை நேரடியாகக் கம்பத்தில் திருகி வைத்திருந்த காலத்தில், இதே வேலைக்குத் தண்டவாளத்தைப் பிரித்துச் சீட்டு மாதிரி மரச்சில்லு செருகி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிருக்கிறது.

ஆழம் 50 செ.மீ. போதும். தோண்டும் முன்பு ஷெட்டுக்குக் கரண்ட் ஒயர் போகிறதா, மழைநீர்க் குழாய் எங்கே போகிறது என்று பார்த்துவிடுங்கள். குழியை மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் தோண்டாதீர்கள். எல்லோருக்கும் இயல்பாக அப்படித்தான் வரும், ஆனால் கான்கிரீட் காளான் குடை மாதிரி மேலே விரிந்து நின்றால் உறைகிற மண் அதன் விளிம்பைப் பிடித்து மேலே தூக்கும். நேர்க்குழி, முடிந்தால் அடியில் கொஞ்சம் அகலம். கீழே கொஞ்சம் ஜல்லி போட்டால் தண்ணீர் தேங்காது. கம்பம் நடுவதற்கென்றே பையில் விற்கும் சீக்கிரம் இறுகுகிற கலவை போதும். இரும்புக் கூர் வைத்து அடித்து இறக்குகிற கம்பச் செருகிகள் வாங்காதீர்கள், கல் இடறினால் முறுக்கிக்கொண்டு இறங்கும், நேராக்க முடியாது.

மரம் என்றால் 75×75 மி.மீ. போதும், ஆனால் அழுகாதபடி மருந்து ஏற்றி யூசி4 என்று தரம் போட்டதாக வாங்குங்கள், மண்ணில் புதைக்கும் மரத்துக்கு அதுதான். யூசி3 தரைக்கு மேலே இருக்கும் மரத்துக்கு. விற்பவர் "ட்ரீட் பண்ணினதுதான்" என்பார், எந்தத் தரம் என்று கேளுங்கள். கம்பத்தை அறுத்தால் அறுத்த முனை எப்போதும் மேலே, ஆலையிலிருந்து வந்த முனை கீழே. மருந்து உள்ளே முழுக்கப் போயிருக்காது, அறுத்த இடத்தில் நடுமரம் வெறும் மரமாகத்தான் இருக்கும், அதனால் அதற்குத் தனியாக மருந்து பூச வேண்டும். மரம் அழுகுவது அடியில் இல்லை, மண்மட்டத்தில், காற்றும் ஈரமும் சேர்கிற இடத்தில். பார்க்க நன்றாக இருக்கும், ஒரு நாள் கை வைத்ததும் முறுக்கு மாதிரி உடையும். இப்போது மரத்துக்கு ஏற்றுகிற மருந்தில் செம்பு இருக்கிறது, சாதா ஆணியையும் திருகையும் அது சாப்பிட்டுவிடும், துருப்பிடிக்காத திருகு வாங்குங்கள்.

மரத்தை மண்ணுக்குள்ளேயே விடாமல் செய்யவும் வழி உண்டு. அழுகிய வேலிக் கம்பத்துக்கு முட்டுக் கொடுப்பதற்காக இங்கே துளையோடு குட்டையான கான்கிரீட் கம்பம் விற்கிறார்கள். அதை நட்டு, மரத்தைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி அதோடு போல்ட் போடுங்கள். மரம் கெட்டால் தோண்டாமல் மாற்றலாம். கனம் அதிகம், அழகில்லை, செடி மறைத்துவிடும். இன்று தொடங்கினால் நான் இதைத்தான் செய்வேன். மறுசுழற்சி பிளாஸ்டிக் கம்பங்களும் நல்லவைதான், அழுகவே அழுகாது. கம்பமாக மட்டும்.

ஏனென்றால் பலகையாகப் போடும்போது பிளாஸ்டிக்குக்கு வேறு குணம். வெயிலில் உலோகத்தைவிடப் பல மடங்கு நீளும், 3 மீட்டர் துண்டு 30 டிகிரி வித்தியாசத்துக்கு 1 செ.மீ. அளவுக்குக்கூட நீளலாம். இரண்டு முனையையும் இறுக்கிவிட்டால் ஜூலையில் பாம்பு மாதிரி நெளியும். ஃபில்கிரிஸ் போன்ற கம்பெனிகள் தோட்ட ரயிலுக்கென்றே இப்படிப்பட்ட பிளாஸ்டிக்கில் பாதை செய்து தருகின்றன, நன்றாக ஓட்டுகிறவர்கள் பலர் உண்டு, இணைப்பில் நகர இடம் விட வேண்டும், அவ்வளவுதான்.

நான் முதலில் போட்டது 12 மி.மீ. ப்ளைவுட், வெளிப்புறத்துக்கு ஏற்றது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மூன்றாவது குளிர்காலத்தில் மழையில் நனைந்த புத்தகம் மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்தது. இப்போது இருப்பது ஏணி. 20×40 மி.மீ. ரீப்பர் இரண்டை நெட்டுக்குத்தாக இணையாக நிறுத்தி, நடுவில் 20-25 செ.மீ.க்கு ஒரு குட்டைக் கட்டை வைத்துத் திருகினால் படுக்கவைத்த ஏணி ஒன்று கிடைக்கும். சிலிப்பர் கட்டைகளின் இரு முனையும் அந்த இரண்டு ரீப்பர்மேல் உட்காருகிற அளவுக்கு அகலம். இலையும் மழையும் நடுவே விழுந்துவிடும், மேலே எதுவும் தேங்காது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வளைவு. முதல் ரீப்பரைக் கால்களுக்கு நடுவே வளைத்துப் பிடித்தால் அது சட்டென்று வளையாது, நேரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வளைவுக்குள் போகும். பெரிய ரயில்வேயில் கணக்குப் போட்டுப் போடுகிற அந்த மாறுவளைவு இங்கே மரமே போட்டுத்தருகிறது. கட்டைகளை வைத்து இரண்டாவது ரீப்பரையும் திருகியதும் அந்த வடிவம் அப்படியே நின்றுவிடும். உங்கள் இடத்துக்கு 1.5 மீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் பாருங்கள், 2 மீட்டர் கிடைத்தால் விடாதீர்கள். கால்களுக்கு நடுவே நேரில் 1.2 மீட்டர், வளைவில் 90 செ.மீ. அதற்கு மேல் போனால் தொய்யும், முதல் வருடம் தெரியாது, இரண்டாம் வருடம் கண்ணை மட்டத்தில் வைத்துப் பார்த்தால் அலை அலையாகத் தெரியும்.

90 செ.மீ. உயரத்திலிருந்து எஞ்சின் விழுந்தால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை. ஏணியின் வெளிப்புறம் 3 செ.மீ. உயர விளிம்புச் சட்டம் ஒன்று, தண்டவாளத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, சுற்று முழுக்க. தடம்புரண்ட எஞ்சின் அதில் சாய்ந்து நின்றுவிடும். ஸ்டேஷன் இருக்கிற வீட்டுப் பக்கம் மட்டும் தட்டையான பலகை போட்டு, ஷெட் கூரைக்குப் போடுகிற சொரசொரப்பான ஃபெல்ட்டை மேலே ஒட்டுங்கள். உங்களுடையது கேஸ், பிரச்சினை இல்லை. ஸ்பிரிட்டில் எரிகிற எஞ்சினோடு நண்பர்கள் வந்தால் அது சில சமயம் எரிகிற சொட்டு விடும், ஃபெல்ட் பற்றிக்கொள்ளும், செடிக்குத் தெளிக்கிற கேனில் தண்ணீர் வைத்திருங்கள். மூலைகள் சின்னப் பிள்ளைகளின் கண் உயரத்தில் வரும், உருட்டிவிடுங்கள்.

மட்டம் பார்க்க லேசர் கருவி எல்லோரும் சொல்வார்கள், பகலில் அந்தப் புள்ளியைத் தேடிக் கண் வலிக்கும், அந்தி நேரத்தில்தான் வேலை செய்ய முடியும். நான் நம்புவது டியூப் மட்டம். ஊரில் வீடு கட்டும்போது கொத்தனார்கள் பிடிப்பார்களே, அதேதான், 15 மீட்டர் கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் குழாய், உள்ளே ஒரு சொட்டு உணவுக் கலர் கலந்த தண்ணீர். நடுவில் குமிழி இருந்தால் பொய் சொல்லும், குழாயைத் தரையில் நீட்டி ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும். ஒருவர் வீட்டுப் பக்கக் காலில் பிடிக்க, மற்றவர் அடுத்தடுத்த காலில் தண்ணீர் ஆடி அடங்கும்வரை நின்று கோடு போட வேண்டியதுதான். கம்பங்களை வேண்டிய உயரத்துக்கு மேல் 10 செ.மீ. விட்டு நடுங்கள், கான்கிரீட் இறுகிய பிறகு கோட்டில் அறுக்கலாம். முதலிலேயே சரியான உயரத்தில் நட முயன்றால் பைத்தியம் பிடிக்கும். குறுக்கு மட்டத்துக்கு மட்டும் சின்ன ரசமட்டம்.

தண்டவாளம் போடும்போது இடைவெளி விட மறக்காதீர்கள். பீகோ கம்பெனி 32 மி.மீ. பாதைக்கு விற்கும் எஸ்எம்32 தண்டவாளத் துண்டுகள் ஒரு கஜ நீளம், நிக்கல் சில்வர் என்ற உலோகக் கலவை. குளிர்காலத்துக்கும் கோடை வெயிலுக்கும் 50 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால் ஒரு துண்டு முக்கால் மி.மீ. நீளும். 15 டிகிரி நாளில் போடுகிறீர்கள் என்றால் இணைப்புக்கு அரை மி.மீ. போதும், இரண்டு விசிட்டிங் கார்டைச் சேர்த்துச் செருகிப் பிடித்தால் அந்த அளவு. ஒவ்வொரு துண்டிலும் நடுவில் ஒரு திருகு மட்டும் இறுக்கமாக, மற்ற இரண்டும் பெரிய துளையில், வாஷர் வைத்து, தண்டவாளம் நகர்கிற அளவுக்குத் தளர்வாக. எஞ்சின் நீராவி என்பதால் இணைப்பில் கரண்ட் போகிறதா என்ற கவலை உங்களுக்கு இல்லை. மின்சார எஞ்சின்காரர்கள் ஒவ்வொரு இணைப்புக்கும் கிளாம்ப் போட்டோ ஒயர் பற்றவைத்தோ அல்லாடுவார்கள், நத்தை ஊர்ந்து போன தடத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

புல் வெட்டும் இயந்திரம் உள்ளே போக வேண்டும் அல்லவா, ஒரு இடத்தில் தூக்கி எடுக்கிற பாலம் வைத்தே ஆக வேண்டும். நேர்ப்பாதையில் வையுங்கள், வளைவில் வேண்டாம். இரு முனையிலும் பித்தளைக் குழாயும் அதில் நுழைகிற முளையும் இருந்தால் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் உட்காரும். என் கதை: புல்லை வெட்டிவிட்டு வந்து, பாலத்தை வைக்காமலேயே எஞ்சினைப் பற்றவைத்துவிட்டேன். நீராவி எஞ்சினுக்கு சுவிட்ச் கிடையாது, ஸ்டேஷனிலிருந்து அழகாகக் கிளம்பி, நான் டீயை எடுக்கத் திரும்பிய நேரத்தில், 70 செ.மீ. உயரத்திலிருந்து போய்ச் சேர்ந்தது. முன்பக்கச் சட்டம் வளைந்து, புகைபோக்கி கழன்று, பழுது பார்த்து வர 4 மாதம். இப்போது பாலத்தோடு ஒரு சங்கிலியும், சங்கிலியில் ஒரு சிவப்புக் கட்டையும் இருக்கிறது. அந்தக் கட்டை ஸ்டேஷனில் தண்டவாளத்துக்குக் குறுக்கே ஒரு பொந்தில்தான் பொருந்தும், அதை எடுத்தால்தான் வண்டி கிளம்பும். அதை எடுக்கவோ, பாலம் தன் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், சங்கிலியின் நீளம் அப்படி. ஒற்றைப் பாதையில் டிரைவருக்கு டோக்கன் கொடுத்து அனுப்புவார்களே, அதன் ஏழை வீட்டுப் பதிப்பு.

உங்கள் சுற்று கிட்டத்தட்ட 30 மீட்டர் வரும் என்று தோன்றுகிறது, அப்படியானால் 28 முதல் 30 கால். எல்லாவற்றையும் ஒரே வாரக் கடைசியில் நடப் போகாதீர்கள். இது அக்டோபர். இப்போது 3 கால் மட்டும் நடுங்கள், ஒன்று வேலி ஓரம், ஒன்று நடுவில், ஒன்று நீங்கள் எழுதியிருந்த அந்த ஆப்பிள் மரத்துக்குப் பக்கத்தில். உயரத்தைக் குறித்துவைத்து மார்ச்சில் மறுபடி டியூப் மட்டம் பிடித்துப் பாருங்கள், ராடு எவ்வளவு நீளம் வெட்ட வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும். அளக்கும்போது வேலியிலிருந்து அளக்க வேண்டாம், வேலியும் சேர்ந்து நகரும். வீட்டுச் சுவரில் ஒரு ஆணி அடித்து அதிலிருந்து அளங்கள்.